1991-ல் வேலூர்ப் பக்கம் என்ன நடந்தது?

கேள்வி கேட்ட தம்பி குடியாத்தத்துக்காரர், குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார். "1991-ல் இந்தியாவில் நடந்த முக்கியமான நிகழ்வு எது? கைடில் எல்லாம் புதிய பொருளாதாரக் கொள்கை என்று போட்டிருக்கிறார்கள். பீடி சுற்றியே எங்களை வளர்த்த பாட்டி, 'அது ராஜீவ் செத்த வருஷம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இரண்டில் எது சரி?" என்று கேட்டிருக்கிறார். மேலாகப் பார்த்தால் தேதி கேட்பது மாதிரி இருக்கிறது. எனக்கென்னவோ அவர் கேட்பது வேறு என்று படுகிறது. டெல்லியில் நடந்தது நம்ம ஊருக்கு வந்து சேர்ந்ததா, வந்தது என்றால் எப்போது, எந்த வழியாக என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் வரலாறு படித்தவன் இல்லை. அப்போது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை தனியாகப் போனபோது வைத்தது. அந்த மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில், அந்நியச் செலாவணி மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதிக்காரர்களின் பில்கள் என் கை வழியாகத்தான் போகும். அதனால் என் பார்வை காசு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அந்த வருஷம் ஜனவரியிலேயே சூடாகத் தொடங்கியது. 17-ம் தேதி வளைகுடாப் போர். ஜனவரி 30 அன்று கருணாநிதி ஆட்சியைக் கலைத்தார்கள். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தரவில்லை, அப்படியும் மாநில ஆட்சியைக் கலைக்க இடம் தரும் அரசியலமைப்பின் 356-ம் பிரிவைப் பயன்படுத்தினார்கள். இது தேர்வுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 6-ல் பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா. ஆக, சென்னையில் ஆட்சி இல்லை, டெல்லியில் இருந்தது காபந்து சர்க்கார்.

ஆனால் எங்கள் கவுண்டருக்கு முதலில் வந்தது குவைத்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் உள்ளே நுழைந்ததும், அங்கிருந்து 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். அதில் மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களும் உண்டு. மாதம் தவறாமல் டிராஃப்ட் மாற்ற வந்த அம்மாக்கள், 1991 தொடக்கத்தில் நகையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அடகுக் கடன் கவுண்டரில் வரிசை நீண்டது. நாடே தங்கத்தை அடகு வைக்கப்போகிறது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

மே 21, செவ்வாய்க்கிழமை. இரவு பத்து மணி தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தது. உங்கள் பாட்டி ஏன் அந்த வருஷத்தையே அந்தப் பெயரால் சொல்கிறார் என்பது, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் புரியும். சென்னை, பெங்களூர் நெடுஞ்சாலை அது. வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள். நம்ம ஆட்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர். ராத்திரி சென்னையிலிருந்து கிளம்பிய வண்டிகள் காலையில் வந்து சேரவில்லை. விடிந்ததும் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, தி.மு.க. கொடிக்கம்பங்கள் பல ஊர்களில் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. பழி யார் மேல் என்று விசாரணை தொடங்குவதற்கு முன்பே தெரு முடிவு செய்துவிட்டது. தினக்கூலிக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் வேலை செய்தவர்களுக்கு அது சம்பளமில்லாத நாட்கள். பீடி இலை வராவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. எனவே பாட்டி சொல்வதைச் சும்மா உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று தள்ளாதீர்கள்.

அதன் விளைவும் கண்முன்னே தெரிந்தது. தள்ளிவைத்த தேர்தல் ஜூனில் நடந்தது. சட்டமன்றத்தில் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிக்கு 225 இடம், தி.மு.க.வுக்கு வெறும் 2. மக்களவையில் தமிழ்நாட்டின் 39-ம் அந்தக் கூட்டணிக்கே. ஜூன் 24-ல் ஜெயலலிதா முதல்வரானார். அனுதாப அலையா, கூட்டணிக் கணக்கா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் என்பது என் எண்ணம். 1989 சட்டமன்றத் தேர்தலில் பிரிந்து நின்றவர்கள் 1991-ல் சேர்ந்துவிட்டார்கள். அலையே இல்லாவிட்டாலும் கூட்டணி ஜெயித்திருக்கும், ஆனால் எதிர்க்கட்சி 2 இடத்துக்கு இறங்கியிருக்காது. இது கணிப்புதான், எண்கள் மட்டும் உறுதி.

நம்ம ஊர்க்காரர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ராஜீவ் கேஸ் ஆட்கள் கோட்டையில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள்" என்று வேலூரில் டீக்கடைக்கு டீக்கடை கதை உண்டு. அது தப்பு. கோட்டைக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த புலிகள் இயக்கத்தவர் 43 பேர் 1995-ல் சுரங்கம் வழியாகத் தப்பினார்கள், அது உண்மை. ராஜீவ் வழக்கில் தண்டனை பெற்றவர்கள் இருந்தது தொரப்பாடிப் பக்கம் மத்திய சிறையிலும், நளினி பெண்கள் சிறையிலும். இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மதில்.

சரி, இப்போது கைடு சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 21-ல் நரசிம்ம ராவ் பிரதமர். அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. டெல்லியைக் காலி செய்துவிட்டு ஹைதராபாத் போக இருந்தவர். பிறகு நவம்பரில்தான் நந்தியால் இடைத்தேர்தலில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.பி. ஆனார். மன்மோகன் சிங் நிதியமைச்சர். அவர்கள் கைக்கு வந்தபோது கஜானாவில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். எங்கள் மேசையில் இது எப்படித் தெரிந்தது தெரியுமா? இறக்குமதிக்கு எல்.சி., அதாவது வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் தர வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம், திறக்க வருபவரிடம் நாங்கள் முன்பணமாக வாங்கவேண்டிய ரொக்க மார்ஜின் ஏறிக்கொண்டே போனது. ஏப்ரலில் அது 200 சதவீதம் வரை போனது. நூறு ரூபாய்ச் சரக்கை இறக்க இருநூறு ரூபாயைக் கட்டு என்று அர்த்தம். இத்தாலியிலிருந்து மெஷின் இறக்க நினைத்த ஒருவர் சுற்றறிக்கையை என் கையிலிருந்து வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "சார், இதுக்கு வேணாம்னே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வேண்டாம் என்பதை ரிசர்வ் வங்கி அப்படித்தான் சொன்னது.

ஜூலை 1, திங்கட்கிழமை ரூபாயின் மதிப்பை இறக்கினார்கள். 3-ம் தேதி புதன்கிழமை மறுபடியும். திங்கட்கிழமையே டெலக்ஸில் வந்த புது ரேட்டைப் பார்த்து, எழுத்துப்பிழையாக இருக்கும் என்று நினைத்து மண்டல அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். பிழை இல்லை என்றார்கள். புதன்கிழமை இன்னொரு தடவை வந்தபோது யாரும் போன் செய்யவில்லை. 21 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்த டாலர் கிட்டத்தட்ட 26-க்குப் போய்விட்டது. பத்திரிகைகள் ரூபாய் 18, 19 சதவீதம் இறங்கியது என்று எழுதின. அது சரிதான், ஆனால் இறக்குமதிக்காரருக்கு அந்தக் கணக்கு உதவாது. 21-க்குக் கொஞ்சம் மேலிருந்து கிட்டத்தட்ட 26-க்கு என்றால் அவர் கூடுதலாகக் கட்டவேண்டியது 22, 23 சதவீதம். ரூபாய் எவ்வளவு இறங்கியது, டாலர் எவ்வளவு ஏறியது என்பவை இரண்டு தனிக் கணக்குகள். தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் இங்கே வழுக்குகிறார்கள்.

இரண்டாவது தடவை இறக்கும் முன்பு பிரதமர் தயங்கி நிறுத்தச் சொன்னார், நிதியமைச்சர் போன் செய்தார், அதற்குள் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ரங்கராஜன் காரியத்தை முடித்துவிட்டார் என்பது பின்னாளில் சம்பந்தப்பட்டவர்கள் வழியாகவே வெளிவந்த செய்தி. எங்கள் மேசைக்கு அன்று வந்தது ரேட் மட்டும்தான்.

அந்தப் புதன்கிழமை மதியம் ஆம்பூரிலிருந்து ஒரு பாய் வந்தார். ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ஏற்றுமதி செய்பவர். ரெக்ஸின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எப்போதும் சிரித்தபடி வருபவர், அன்று வந்து உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஊரில் எல்லா ஏற்றுமதிக்காரரும் ஸ்வீட் வாங்காத குறையாக இருந்த நாள் அது. இவருக்கு என்ன வந்தது? ஜூன் மாதம் அவர் 50,000 டாலரை முன்பேரம் செய்து வைத்திருந்தார். டாலர் 21 ரூபாய் சொச்சத்துக்கு வங்கிக்குத் தருகிறேன் என்று கையெழுத்து. அவரை அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான். "ரேட் என்ன ஆகுமோ தெரியாது பாய், கட்டிப்போட்டு வையுங்க" என்று சொல்லியிருந்தேன். இப்போது பக்கத்து டேனரிக்காரர், தோல் பதனிடும் ஆலை வைத்திருப்பவர், அதே சரக்குக்கு டாலருக்கு 26 வாங்குகிறார். இவருக்குப் போனது இரண்டேகால் லட்சம் ரூபாய். ஒப்பந்தத்தை ரத்து செய்தாலும் வித்தியாசத்தைக் கட்டித்தான் ஆகவேண்டும். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சார்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வங்கி பாடத்தில் முன்பேரம் என்பது பாதுகாப்பு. பாதுகாப்புக்கும் விலை உண்டு என்பதை நான் படித்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு கூட்டமும் இருந்தது, அவர்களை எந்த கைடும் சொல்வதில்லை. சோவியத் யூனியனுக்குத் தோல் சரக்கு அனுப்பியவர்கள். அந்த வியாபாரம் ரூபாயிலேயே நடந்தது, டாலர் அதில் இல்லை. ஆகவே டாலர் ஏறியதால் அவர்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. அது போகட்டும் என்றால், டிசம்பர் 26-ல் வாங்குகிற நாடே இல்லாமல் போய்விட்டது. இது இந்திய நிகழ்வு இல்லைதான். ஆனாலும் நம் மாவட்டத்தில் சில ஷெட்டுகள் பூட்டியதற்கு ஜூலை 24 பட்ஜெட்டைவிட டிசம்பர் 26 கிட்டத்துக் காரணம் என்று நான் சொல்வேன்.

தங்கம் பற்றி ஒரு திருத்தம். "67 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அடகு வைத்தோம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது இரண்டு தனித்தனிக் காரியங்களைக் கூட்டிச் சொல்வது. முதலில், சந்திரசேகர் காலத்திலேயே, கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்திருந்த தங்கத்தில் 20 டன்னை, திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு ஸ்டேட் வங்கி வழியாகச் சுவிஸ் வங்கி ஒன்றுக்கு விற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் இருப்பிலிருந்து சுமார் 47 டன்னை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பியது. அதை வைத்து பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பாங்க் ஆஃப் ஜப்பானிடமும் ஏறக்குறைய 40 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். முதலாவது விற்பனை, இரண்டாவதுதான் அடகு. விஷயம் பத்திரிகையில் வந்த அன்று, அடகுக் கவுண்டரில் நின்ற ஒரு அம்மா, "அரசாங்கமே வைக்குது, நாம வெச்சா என்ன" என்று சொன்னதும் வரிசையே சிரித்தது.

ஜூலை 24 பட்ஜெட்டைப் பற்றி நீங்கள் ஏற்கனவே மனப்பாடம் செய்திருப்பீர்கள். லைசென்ஸ் முறையைப் பெரும்பாலான தொழில்களுக்கு எடுத்த தொழிற்கொள்கையும் அதே நாளில்தான் வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல. வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறு: சமையல் கேஸ் 20 சதவீதம் ஏற்றம், ரேஷன் சர்க்கரை கிலோவுக்கு 85 காசு ஏற்றம், உரம் 40 சதவீதம். கூச்சல் போட்டபிறகு உரத்தை 30 ஆக்கி, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கு தந்தார்கள். ஆகஸ்டில் மொத்த விலைப் பணவீக்கம் 16 சதவீதத்தைத் தாண்டியது. "தாராளமயம்" என்ற சொல்லை அந்த வருஷம் எங்கள் கிளையில் எந்த வாடிக்கையாளர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. விலைவாசி என்ற சொல்லைக் கேட்காத நாளில்லை.

அக்டோபர் 20-ல் உத்தரகாசி நிலநடுக்கம், எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு 84 கோடியைத் தாண்டியிருந்தது, ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தது, செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்கள் சட்டம் வந்தது. தேர்வுக்கு இவை போதும். நம்ம ஊர்ப் பேச்சில் இவை எதுவும் அப்போது பெரிதாக அடிபடவில்லை.

காவிரி அடிபட்டது. நடுவர் மன்றம் ஜூன் 25-ல் இடைக்காலத் தீர்ப்பு தந்தது, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. கர்நாடகம் அதைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் கருத்துச் சொன்னது. டிசம்பரில் மத்திய அரசு தீர்ப்பை அரசிதழில் வெளியிட்டதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன. வேலூருக்கும் காவிரிக்கும் பாசன உறவு கிடையாது. நமக்குப் பாலாறு, அதிலும் மணல்தான். ஆனால் பெங்களூர் ரயில் நம்ம வழியாகத்தான் வரும். காட்பாடி ஸ்டேஷனில் அந்த வாரம் இறங்கியவர்களைப் பார்த்தேன். ஒருவர் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றிப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார். "ஸ்டாண்டு இருக்குங்களா?" என்று யாரோ கேட்டதற்கு, "அது எரிஞ்சுபோச்சு" என்றார். போகிற ஊர் ஆற்காடு என்றார். பஸ்ஸுக்குக் காசு கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

இவ்வளவும் செய்தித்தாளில் வந்தவை. செய்தித்தாளில் வராத ஒன்றும் 1991-ல் நடந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது, 1991-ம் வருஷத்து 914-ம் எண் ரிட். டேனரிகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாமல் போகிறது என்பது வழக்கு. வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஒரு கணக்கெடுப்பு சொன்னதை அதில் குறிப்பிட்டார்கள். மாசு செய்தவன்தான் அதற்குச் செலவு செய்யவேண்டும், தீங்கு நேருமுன்பே தடுக்கவேண்டும் என்ற இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றார்கள். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் சுற்றுச்சூழல் சட்டப் பாடத்தில் இந்த வழக்கு இல்லாமல் இருக்காது. பெயரிலேயே வேலூர் இருக்கிறது, நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆகவே, தம்பி, பரீட்சையில் புதிய பொருளாதாரக் கொள்கை என்றே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். அந்த வருஷத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பாட்டி சொன்னதுதான் சரி. நம் மாவட்டத்துக்கு எது நீண்ட நாள் பலித்தது என்று என்னைக் கேட்டால், ஜூலையையும் அந்த மனுவையும் சேர்த்தே சொல்வேன். டாலர் ஏறியதும் தோல் ஏற்றுமதிக்கு ஊக்கம் வந்தது, அதிகத் தோல் என்றால் அதிகக் கழிவுநீர். ஊக்கம் எவ்வளவு, ரூபாயால் எவ்வளவு, வெளிநாட்டுக் கிராக்கியால் எவ்வளவு என்று யாராவது துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அந்த வருஷங்களில் மாவட்டத்துப் பில்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவை பின்னிக் கிடந்தன.

மனு போட்ட சேதி எங்கள் கிளையில் ஒருவருக்கும் 1991-ல் தெரியாது. எந்த டேனரிகள் மேல் வழக்கோ அதே டேனரிகளின் பில்லைத்தான் காலை பத்தரைக்கு வாங்கி மாலைக்குள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தோம். தீர்ப்பு வந்தபிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தன் பங்கைக் கட்டக் கடன் கேட்டு விண்ணப்பங்கள் வந்தன. முதல் கட்டில் இருந்த ஒன்று, முன்பேரத்தில் இரண்டேகால் லட்சம் விட்ட அதே ஆம்பூர் பாயுடையது. இந்தத் தடவை அவர் என்னிடம் யோசனை எதுவும் கேட்கவில்லை.